பார்வையாளர்: பூஜ்யம்

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு பஸ் ஏறி வந்து, “ஒரு மனு எழுதணும், எங்க போவணும்?” என்று யாரைக் கேட்டாலும் சசிகலா கடையைத்தான் கை காட்டுவார்கள். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எட்டுக்குப் பத்து அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் ஒரு மணி நேரம் தாங்கும் பேட்டரி, வாசலில் ஒரு மர பெஞ்சு. அவ்வளவுதான். ஆனால் இந்த மலையில் முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்கள். சசிகலா எழுதிய மனு திரும்பி வந்ததில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அதை அவளாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள். நாம் சொன்னால் மறுக்கவும் மாட்டாள்.

அவளிடம் மனு எழுதுவது சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. போலீஸ் விசாரணை தேவலாம் என்று ஆகிவிடும்.

“வயசு இன்னா பெரியப்பா?”

“நீயே பார்த்து ஒண்ணு போட்டுக்கம்மா.”

“நானே போட்டுக்க நான் இன்னா பிரம்மாவா? ஊரு எரிஞ்சப்ப நீங்க இன்னா பண்ணிட்டு இருந்தீங்க? ஆடு மேய்ச்சீங்களா, ஏரு ஓட்டினீங்களா?”

“ஏரு ஓட்டினேன்.”

“கல்யாணம்?”

“அடுத்த வருசம்.”

“அப்படிச் சொல்லுங்க,” என்று விரல் விட்டு எண்ணி, வயதைக் கண்டுபிடித்து, அதற்குச் சாட்சி சொல்ல இன்னொருவரையும் வரவழைத்து, பிறகுதான் கை விசைப்பலகைக்குப் போகும். இல்லாததை எழுத மாட்டாள். அதில் அவளுக்கு ஒரு வெறியே உண்டு.

வெறிக்குக் காரணம் இருக்கிறது. சசிகலாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று, அவசரத்தில் இருந்த ஒரு வாத்தியார், வரிசையில் நின்ற பதினோரு பிள்ளைகளுக்கும் ஒரே பிறந்த தேதியைப் போட்டுவிட்டார். அவளுக்கு இரண்டு வயது குறைந்து போனது. அப்போது யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. பத்தாவது முடித்து, கல்யாணமாகி, சொந்த ஊரிலேயே அங்கன்வாடி வேலை ஒன்று காலியானபோது மனு போட்டாள். இருபத்தைந்து முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். அவளுக்கு முடிந்து பல மாதம் ஆகியிருந்தது. தாளில் முடியவில்லை. வேலை வேறொரு ஊர்ப் பெண்ணுக்குப் போனது. மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, நான்காம் நாள் எழுந்து டைப்பிங் கற்றுக்கொள்ளத் திருப்பத்தூருக்கு பஸ் ஏறினாள். இப்போது நாற்பத்தொரு வயதாகிறது. உண்மையான நாற்பத்தொன்று.

அவளுடைய ஊர் காரைக்கொல்லை, புதூர்நாட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். ஐம்பத்திரண்டு வீடு, நூற்று எண்பத்தாறு பேர். சசிகலா எல்லாரிடமும் விசாரிக்கிறாளே, ‘ஊர் எரிஞ்ச வருசம்’, அது இந்த ஊர்தான். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், காற்றடித்த ஒரு மத்தியானத்தில், கூரை வீடு ஒன்று பற்றி, ஊரே போயிற்று. ஆள் சேதம் இல்லை. மிச்சமெல்லாம் சேதம். விதைச் சாமைகூட மிஞ்சவில்லை. அன்று சுற்றுவட்டாரத்தில் ஏழு ஊர் ஜனங்கள் மூங்கிலோடும் புல்லோடும் வந்து இறங்கினார்கள். கீழே தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்து ஒரு மாதத்தில் புது ஊரையே கட்டிக் கொடுத்தார்கள். விதையும் கொடுத்தார்கள். அந்த விதை விளைந்து முதல் அறுப்பு வந்தபோது, புதுக் களத்தை மிதிக்கவும் அவர்களே வந்தார்கள்.

களம் மிதிப்பதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சாமை அறுப்புக்கு முன்னால் ஊர்க்களத்தைக் கொத்திவிட்டு, செம்மண் பரப்பித் தண்ணீர் தெளித்து, தப்பட்டை அடிக்க, ஊர் முழுக்க வட்டமாகக் கை கோத்து ஆடிக்கொண்டே மிதிப்பார்கள். மூன்று அடி முன்னால், ஒரு அடி பின்னால், ஓங்கி ஒரு மிதி. நடக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆடத் தெரியும். நடக்கத் தெரியாததுகள் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு ஆடும். காலையில் தொடங்கினால் சாயங்காலத்துக்குள் மண் இறுகிவிடும். மூன்று நாள் காயவிட்டுச் சாணம் மெழுகினால், அந்த வருடம் கதிர் அடிக்கும்போது ஒரு மணி சாமை மண்ணில் புதையாது. கால் வைக்காத வீட்டுக் கதிர் களத்துக்குள் வரக் கூடாது என்பது கட்டு. சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும் ஒரு வருடம் விலக்கு உண்டு. அவர்கள் கதிரைப் பங்காளிகள் அடித்துக் கொடுப்பார்கள்.

இந்த ஆனி மாதம், டவுனில் இருக்கும் அரசுக் கலைத்துறை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊரோ சங்கமோ பள்ளியோ, ஐம்பது, எழுபத்தைந்து, நூறு என்று ஆண்டு நிறைவு கொண்டாடினால், அந்த மண்ணின் கலையை வைத்துக் கொண்டாடினால், இரண்டு லட்சம் வரை நிதி. சசிகலா அதை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நேராக ஊர்க்கவுண்டர் அர்ச்சுனன் வீட்டுக்குப் போனாள். ஊருக்குத் தலைவரான அர்ச்சுனன் அவள் கணவனுக்குத் தாய்மாமன். அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார்.

“ஏழு ஊரு நமக்கு வூடு கட்டிக் குடுத்துச்சு. அவங்களுக்கு ஒரு வேளை சோறு போடாமலே அம்பது வருசம் ஓட்டிட்டோம். எங்கப்பன் இதையே சொல்லிட்டு செத்தாரு. நானும் சொல்லிட்டே போய்டுவேனோன்னு பயந்துட்டு இருந்தேன். எழுதும்மா.”

அடுத்த நாளே ஏழு ஊருக்கும் தாம்பூலம் போய்விட்டது. கார்த்திகைக் கடைசி ஞாயிறு, காரைக்கொல்லையில் களம் மிதிப்பு, ஐம்பதாம் வருடம், எல்லாரும் வரவேண்டும். தாம்பூலம் வைத்த பிறகு இந்த மலையில் யாரும் பின்வாங்கியதில்லை. பின்வாங்கினால் அந்த ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள்.

சசிகலா மனுவை நிரப்பினாள். கலையின் பெயர்: களம் மிதிப்பு. கலைஞர்களின் எண்ணிக்கை: 186. அடுத்த கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. ‘எதிர்பார்க்கப்படும் பார்வையாளர்கள்’ என்று இருந்தது. அர்ச்சுனனுக்கு போன் போட்டாள்.

“மாமா, நாம களம் மிதிக்கறப்ப பாக்கறவங்க யாரு?”

“இன்னாத்த பாக்கறது?”

“நாம ஆடறத.”

“அத எதுக்கு பாக்கணும்? வந்து ஆட வேண்டிதானே.”

நியாயமான பதில். சசிகலா பூஜ்யம் என்று எழுதினாள். மனு கீழே டவுனுக்குப் போயிற்று.

ஆவணியில் மனு திரும்பி வந்தது. சசிகலா எழுதிய மனு! பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் அந்தக் கவரைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ‘பார்வையாளர் எவரும் இல்லாததால் பொதுமக்களுக்குப் பயன் இல்லை. கலைஞர் எண்ணிக்கை நம்பத்தக்கதாக இல்லை’ என்று ஒரு குறிப்பு. கூடவே அந்த அலுவலகத்தில் உதவியாளராக இருக்கும் நவீன்குமார் போன் செய்தான். நல்ல பையன்தான். உதவி செய்யவே கூப்பிட்டான்.

“அக்கா, ஒண்ணும் டென்ஷன் ஆவாதீங்க. கலைஞர் பதினஞ்சு, பார்வையாளர் நானூறுன்னு போட்டு இன்னிக்கே மெயில் அனுப்பிடுங்க. நான் பார்த்துக்கறேன். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க.”

“பதினஞ்சு பேரு இல்லியேப்பா.”

“தெரியுதுக்கா. தாளுக்குத்தான் கேக்கறேன்.”

தாளுக்குத்தான்! சசிகலாவிடம் போய் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. “யோசிச்சுச் சொல்றேன்” என்று போனை வைத்தாள். யோசிக்க ஒன்றும் இல்லை, அவள் முடிவெடுத்தாயிற்று.

ஊரில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. அர்ச்சுனன் தலையைப் பிடித்துக்கொண்டார். “எழுதித் தொலையேம்மா. தாம்பூலம் வெச்சாச்சு. நாளைக்குச் சோறு இல்லன்னு சொன்னா அந்த ஏழு ஊரு மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?” என்றார். கணவன் ரமேஷ் ஜீப் ஓட்டுகிறவன். ஏழு ஊர் ஜனங்களைக் கூட்டிவர ஆறு வண்டிகளுக்கு வாய்ச்சொல் கொடுத்து வைத்திருந்தான். அவன் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஆரம்பித்தான்.

“ஒரு நம்பருதானே சசி. பதினஞ்சுன்னு போட்டா கை தேஞ்சிடுமா?”

“பதினஞ்சு பேரு ஆட்டக்காரங்கன்னா மீதி நூத்தி எழுபத்தோரு பேரு யாரு? அவங்கள இன்னான்னு எழுதறது, கை தட்டறவங்கன்னா? நீ எந்தப் பக்கம், சொல்லு. பதினஞ்சுல இருக்கியா, நானூறுல இருக்கியா?”

களத்தில் தன்னை மாதிரி மிதிக்க ஆள் கிடையாது என்பது ரமேஷின் எண்ணம். வெளியே போய் ஜீப்பைத் துடைக்க ஆரம்பித்தான்.

சசிகலாவுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். நிதி கிடைக்காமல் போனால் அர்ச்சுனன் நாலு மாட்டையும் விற்பார், ஊர் ஆடு குட்டியை விற்கும், ஒவ்வொரு வீட்டிலும் அவள் பேர்தான் உருளும். அது தெரிந்தும், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கீழே இறங்கி, அந்த அலுவலகத்தில் மேலதிகாரியாக இருக்கும் மஞ்சுளாவின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

மஞ்சுளா கணியம்பாடிப் பக்கத்துக்காரர். மரியாதையாக உட்காரச் சொன்னார், மனுவை எடுத்துப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்.

“பாக்க ஆளே இல்லாத கலைக்கு கவர்ன்மெண்ட்டு எதுக்கும்மா காசு குடுக்கணும்?”

சசிகலா சொன்னாள்.

“மேடம், கோயில்ல தேரு இழுக்கறாங்க இல்ல? ஆயிரம் பேரு வடத்தப் புடிக்கிறாங்க. அதுல யாரு மேடம் கலைஞரு, யாரு பார்வையாளரு? எங்க ஊர்ல களம் மிதிக்கறப்ப பாக்கறதுக்குன்னு ஒரு எடமே கெடையாதுங்க. நின்னா கை புடிச்சு இழுத்துக்குவாங்க. இருக்கறததான் எழுதினேன். நூத்தி எண்பத்தாறு பேரையும் கலைஞருன்னு எழுதுங்கன்னு கேக்கறேன். வேற ஒண்ணும் கேக்கல.”

மஞ்சுளா மனுவின் ஓரத்தில் ஏதோ குறித்தார்.

“அன்னிக்கு நானே நேர்ல வர்றேன். நீங்க எழுதினது சரின்னா நிதி. ஒரு கூட்டம் உக்காந்து வேடிக்கை பார்த்துட்டு இருந்துச்சுன்னா, நான் அத அப்படியே எழுதிடுவேன். சம்மதமா?”

“சம்மதம் மேடம்.”

அந்தச் சம்மதத்தை நம்பித்தான் அரிசி மூட்டைகள் மலையேறின. அர்ச்சுனன் முகத்துக்காகக் கடைக்காரர் கடனாகக் கொடுத்தார். அர்ச்சுனன் சசிகலா முகத்துக்காக வாங்கினார்.

கார்த்திகைக் கடைசி சனிக்கிழமை அவள் டவுனுக்குப் போய் உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் முதல் பஸ்ஸில் மஞ்சுளாவை அழைத்துக்கொண்டு புறப்பட்டாள். புதூர்நாட்டில் ரமேஷ் ஜீப்போடு நின்றான். என்னவோ முழித்தான். அவள் கவனிக்கவில்லை. வழியெல்லாம் மஞ்சுளாவுக்கு ஊர் எரிந்த கதையையும், சாமை அடிப்பதையும் சொல்லிக்கொண்டே வந்தாள். குரலில் அவ்வளவு தெம்பு.

ஜீப் காரைக்கொல்லைத் திருப்பத்தில் வளைந்ததும் அந்தக் குரல் நின்றுபோனது.

களத்தைச் சுற்றி மூன்று பக்கமும் சாமியானா. அதன் கீழே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், வரிசை வரிசையாக. நாற்காலிகளில் ஏழு ஊர் ஜனம். நாற்காலி போதாமல் முன்னால் ஜமுக்காளம் விரித்து அதிலும் ஜனம். வெளுத்த வேட்டியும் பட்டுப் புடவையுமாக, சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்த மாதிரி அறுநூறு பேர் களத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

மஞ்சுளா நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு சசிகலாவைப் பார்த்தார்.

சசிகலா ஓடிப்போய் அர்ச்சுனனைப் பிடித்தாள். புது வேட்டியில், சந்தனம் மணக்க, கல்யாணப் பெண்ணின் அப்பா மாதிரி நின்றிருந்தார் மனிதர்.

“மாமா, இன்னா மாமா இது?”

“நேத்து சாயங்காலம் லாரில வந்துச்சும்மா. எப்பிடி கீது? கீழ ஊர்ல விசேசத்துக்கு இப்பிடித்தான் போடறாங்க. ஏழு ஊரு சனமும் வருது. அவங்கள கால் கடுக்க நிக்க வெக்கச் சொல்றியா?”

அவரைக் கோபித்துக்கொள்ள அவளால் முடியவில்லை. நாற்காலி போட்டதில் தப்பு எங்கே இருக்கிறது? ஐம்பது வருடமாகச் சோறு போடக் காத்திருந்தவர், வந்தவர்களை உட்காரவைத்து அழகு பார்க்கிறார். தப்பு அவள் பேரில்தான். ஊர் ஜனத்தை மட்டும் எண்ணினாள், விருந்தாளிகளை எண்ணவில்லை. பூஜ்யம் என்று கொட்டை எழுத்தில் எழுதினாளே, இதோ அறுநூறு உட்கார்ந்திருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் எழுதிய ஒன்று பொய்யாகப் போயிற்று. கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு மஞ்சுளாவிடம் திரும்பி வந்தாள்.

“மேடம், நான் எழுதினது தப்பாப் போச்சு. விருந்தாளிங்க உக்காந்திருக்காங்க. நீங்க பாக்கறத அப்படியே எழுதிக்குங்க.”

மஞ்சுளா பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

தப்பட்டை ஆரம்பித்தது. காரைக்கொல்லை முழுக்கக் களத்தில் இறங்கிக் கை கோத்தது. மூன்று அடி முன்னால், ஒரு அடி பின்னால், ஓங்கி ஒரு மிதி. சசிகலா களத்துக்குள் போகவில்லை. மேடம் பக்கத்தில், காலில் செருப்போடு நின்றாள். அவளும் இப்போது பார்வையாளர்தான், இல்லையா? முன்வரிசையில் மாலை போட்டு உட்காரவைக்கப்பட்டிருந்தாள் நெல்லிவாசல்நாட்டிலிருந்து வந்த அம்மாக்கண்ணு. அறுபத்திரண்டு வயது, அந்தப் பக்கத்து மகளிர் குழுக்களுக்கெல்லாம் தலைவி, பாங்கு மேனேஜரையே பெஞ்சில் காக்கவைத்த ஆள். ஊர் எரிந்த வருடம் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக, தலையில் புல் கட்டோடு இங்கே வந்தவள்.

முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் அம்மாக்கண்ணுவின் கால் நாற்காலிக்கு அடியில் தாளம் போட ஆரம்பித்தது. மூன்றாவது சுற்றில் அவள் எழுந்துவிட்டாள். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். செருப்பை உதறினாள்.

“அர்ச்சுனா!” என்று ஒரு சத்தம் போட்டாள். தப்பட்டை நின்றது. “இதே களத்துல, இதே மண்ண, அன்னிக்கு நான் மிதிச்சேன். எங்கப்பா மிதிச்சாரு. இதோ உக்காந்திருக்காங்களே, எல்லாம் மிதிச்ச சனம். இன்னிக்கு வா வான்னு கூப்ட்டு வந்து, நாற்காலி போட்டு வேடிக்கை பாக்கச் சொல்றியே, நாங்க இன்னா வேத்தாளுங்களா?”

அர்ச்சுனன் அரண்டுபோனார். “மரியாதைக்குத்தான்க்கா...”

“மரியாதையாம் மரியாதை! கல்யாணத்துக்கு வந்தவங்கள வாசல்ல நிக்க வெச்சு அனுப்பற மாதிரி கீது. தள்ளு!”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினாள். கோத்திருந்த இரண்டு கைகளைப் பிரித்து நடுவில் நுழைந்துகொண்டாள். அவ்வளவுதான். அவள் ஊர் எழுந்தது. பக்கத்து வரிசை எழுந்தது. வெளுத்த வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன. ஜமுக்காளத்தை யாரோ சுருட்டி எறிந்தார்கள். நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஒரு வட்டம் இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று, களம் போதாமல் பக்கத்துக் கரம்பிலும் வட்டம் போயிற்று. ஏழு ஊர்த் தப்பட்டைகளும் சேர்ந்துகொண்டன. அவர்களும் ஜீப்பில் மறைத்து எடுத்துத்தான் வந்திருந்தார்கள், ஆடாமல் திரும்பும் எண்ணமே அவர்களுக்கு இருந்திருக்கவில்லை! எண்ணூறு பேர் ஓங்கி மிதித்தபோது சாமியானாக் கம்பு அதிர்ந்தது.

சசிகலா அழுதாள். இந்தத் தடவை துடைத்துக்கொள்ளவில்லை. செருப்பை எங்கே விட்டாள் என்று தெரியாது. ரமேஷ் கை நீட்டினான், அவள் உள்ளே போய்விட்டாள். இந்த ஜனம் என் ஜனம் என்று நெஞ்சு விம்மியது. மஞ்சுளா ஓரமாக நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஓரமே இல்லாமல் போயிற்று. பாஞ்சாலி என்று ஒரு பெண், அதிகாரியாவது ஆபீசராவது, மேடத்தின் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் மஞ்சுளா கோப்பை விரித்து உட்கார்ந்தார். எத்தனை பேர் என்று இலையை எண்ணிச் சொன்னார்கள். எழுநூற்றுத் தொண்ணூற்று நாலு இலை.

“அப்ப கலைஞர் எழுநூத்தித் தொண்ணூத்தி நாலு, பார்வையாளர் பூஜ்யம். நீங்க எழுதினதுதான் சரி,” என்றார்.

“இல்லீங்க மேடம்,” என்றாள் சசிகலா.

மஞ்சுளா நிமிர்ந்து பார்த்தார்.

“சம்பூர்ணம் அக்கான்னு ஒருத்தங்க. புரட்டாசில அவங்க வூட்டுக்காரரு தவறிட்டாரு. அதோ, அந்த வாசல்ல நின்னு காலையிலேந்து பார்த்துட்டு இருந்தாங்க. எல கொண்டுபோய் குடுத்தோம். பார்வையாளர் ஒண்ணுன்னு போடுங்க.”

மஞ்சுளா அந்த வாசலைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளைச் சேலையில் சம்பூர்ணம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ‘ஒன்று’ என்று எழுதினார். “நானும் பார்த்தேனே, ரெண்டுன்னு போடட்டுமா?” என்று கேட்டார்.

“உங்க காலப் பாருங்க மேடம்.”

கணுக்கால் வரை செம்மண் அப்பியிருந்தது. மஞ்சுளா சிரித்துவிட்டார். அவரை எந்தக் கட்டத்திலும் போட முடியாமல், கலைஞர் எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நிதி வந்தது. உடனே வந்துவிடவில்லை, அப்படி வந்தால் அது எப்படி அரசாங்கம்? மாசியில் ஒரு கடிதம் வந்தது. தொகை அனுமதிக்கப்பட்டிருக்கிறது, கலைஞர்கள் அனைவரின் பெயர், ஊர், கையெழுத்துப் பட்டியலை இணைத்து அனுப்பவும் என்றது. நவீன்குமார் போனில், “அக்கா, எழுநூறு பேரா? எழுதி முடிக்க மாசக் கணக்கு ஆவுமே,” என்று பரிதாபப்பட்டான். “ஆவட்டுமேப்பா,” என்றாள் சசிகலா.

நாற்பது தாள் அச்சடித்தாள். மேலே கொட்டை எழுத்தில் ‘கலைஞர்கள்’ என்று தலைப்பு. அர்ச்சுனன் ஊரோடு வந்து கையெழுத்திட்டார். ரமேஷ் மூன்று முறை போட்டுப் பார்த்து நாலாவதைத் தாளில் போட்டான். அடுத்த இரண்டு வாரமும் எட்டு ஊர் ஜனம் சந்தைக்கு வரும்போதும், ரேஷனுக்கு வரும்போதும் அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தது. பாதிப் பேர் அந்தக் கடைக்கு வந்ததெல்லாம் முதியவர், விதவை, நலிந்தவர் என்று ஏதாவது ஒன்றாக எழுதிக்கொள்ளத்தான். பேனாவை வாங்கி, தலைப்பைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, சிலர் மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து போனார்கள்.

அம்மாக்கண்ணு ஒருநாள் ஜீப் பிடித்து வந்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தாள்.

“இன்னா போட்டிருக்குது மேல?”

“கலைஞர்கள்னு போட்டிருக்குதுக்கா.”

“கலைஞர்னா இந்த டிவில வர்றவங்கள இல்ல சொல்லுவாங்க?”

“உங்களையும்தான்.”

“எங்க ஊர்ல எல்லாரையுமா?”

“எல்லாரையும்.”

அம்மாக்கண்ணு, பாங்கில் போடுகிற அவசரக் கையெழுத்தாக இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக, பேர் முழுக்க எழுதினாள். எழுதி முடித்து விரலால் தடவிப் பார்த்தாள்.

“இத நான் வெளில சொல்லலாமா?”

“தாராளமா சொல்லுங்க. கவர்ன்மெண்ட்டு தாள்ல கீது.”

“சொல்றேன், சொல்றேன்,” என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தாள். அங்கே நின்ற முதல் ஆளிடமே ஆரம்பித்துவிட்டது கடை வரைக்கும் கேட்டது.

நாற்பதாம் தாளின் கடைசி வரி மட்டும் காலியாக இருந்தது. கடையில் அப்போது யாருமில்லை. சசிகலா நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வந்து, மனு எழுத வருகிறவர்கள் உட்காரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். தாளை மடியில் வைத்துக்கொண்டு, எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்ற எண்ணுக்கு எதிரே தன் பெயரை எழுதினாள்.